இல்லத்துச் சேமப்பெட்டி: ஓசையும் மின்செலவும் குறைந்த சாதனத்தைத் தேர்ந்தெடுக்கும் முறை

பாலக்காட்டு நகரை ஒட்டிய கல்பாத்தியில் ஆண்டுதோறும் ஐப்பசி மாதக் கடைசியில் தேர்த்திருவிழா நடைபெறுகிறது. ஏறக்குறைய 1425-ஆம் ஆண்டில் கட்டப்பெற்றதாகக் கூறப்படும் விசாலாட்சி சமேத விசுவநாத சுவாமி ஆலயம் இவ்விழாவுக்கு நடுநாயகமாக விளங்குகிறது. 'காசியில் பாதி கல்பாத்தி' என்னும் வழக்குச் சொல் இவ்வாலயத்தைப் பற்றி எழுந்ததே. திருவிழாவை ஒட்டி இசைவிழாவும் நடைபெறுவது வழக்கம். மிருதங்க மேதை பாலக்காடு மணி ஐயர் (1912–1981), பாடகர்கள் எம். டி. இராமநாதன், கே. வி. நாராயணசுவாமி ஆகியோரை இசையுலகுக்கு அளித்த நாடு இது. இத்தகைய ஊரில், இல்லத்துப் பெட்டிகளிலும் பரண்களிலும் பழைய ஒலிநாடாக்கள், திருமணப் புகைப்படங்கள், பாட்டியார் பாடிய பாட்டின் பதிவுகள், நிலப் பத்திரங்கள் முதலியன குவிந்து கிடப்பது இயல்பே.

இவை நெடுநாள் நிலைப்பன அல்ல. ஒலிநாடாவின் மேற்பூச்சு ஈரக்காற்றில் நைந்துபோகும். அதில் பூஞ்சணமும் படரும். 2018-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதப் பெருமழையில் இடுக்கி அணையின் செறுதோணி மதகுகள் 26 ஆண்டுகளுக்குப் பின் திறக்கப்பட்டன. அதே நாட்களில் மலம்புழை அணையும் திறக்கப்பட, கல்பாத்தி ஆறு பெருகிப் பாலக்காட்டு நகரின் தாழ்வான பகுதிகளில் இல்லங்களுக்குள் புகுந்தது. சான்றிதழ்களை இழந்தவர்களுக்கு மாநில அரசு தனி முகாம்கள் நடத்தி மறுபிரதிகள் வழங்க வேண்டியதாயிற்று. சான்றிதழுக்கு மறுபிரதி தர அலுவலகம் உண்டு. நனைந்து போன குரலுக்கும் புகைப்படத்துக்கும் மறுபிரதி தரும் அலுவலகம் எதுவும் இல்லை. ஆகவே இவற்றை எண்முறைப் பதிவுகளாக மாற்றி, இல்லத்திலேயே ஒழுங்காகக் காத்து வைக்கும் சாதனத்தைப் பற்றிக் களப்பணியாளரும் ஆசிரியரும் தெளிவாக அறிந்திருத்தல் நலம்.

சேமப்பெட்டி என்பது யாது?

இல்லத்து ரவுட்டரோடு கம்பியால் இணைத்து, அவ்வில்லத்திலுள்ள கணிப்பொறி, கைப்பேசி, தொலைக்காட்சி ஆகிய யாவும் ஒருங்கே உபயோகிக்கும் வண்ணம் பதிவுகளைத் தன்னுள் வைத்திருக்கும் சிறு பெட்டியே வலைச் சேமப்பெட்டி. கடைகளில் இது 'நாஸ்' என்ற பெயரால் விற்கப்படுகிறது. பெட்டியினுள் ஒரு சிறு கணிப்பொறியும், ஒன்றோ இரண்டோ அதற்கு மேற்பட்டோ வன்தட்டுகளும் இருக்கும். ஹார்டு டிஸ்க் என்று வழங்குவதே வன்தட்டு.

வன்தட்டின் வரலாறு பாலக்காட்டு மக்கள் எளிதில் நினைவிற்கொள்ளத் தக்கது. 1956-ஆம் ஆண்டு செப்டம்பர் மாதத்தில் ஐ.பி.எம். நிறுவனம் முதல் வன்தட்டு யந்திரத்தை வெளியிட்டது. இரண்டு மாதங்களுக்குள், அதாவது நவம்பர் 1-ஆம் தேதி, அதுகாறும் சென்னை மாநிலத்து மலபார் மாவட்டத்தில் இருந்த பாலக்காடு புதிய கேரள மாநிலத்தைச் சேர்ந்தது. அந்த முதல் யந்திரத்தில் 24 அங்குல விட்டமுள்ள 50 தட்டுகள் சுழன்றன. அதன் எடை ஒரு டன்னுக்கு மேல். அது தாங்கிய எழுத்துகள் 50 இலட்சம். இன்றைய கைப்பேசிப் படம் ஒன்றுக்கே அவ்விடம் ஏறக்குறையத் தீர்ந்துவிடும். இன்று உள்ளங்கையில் அடங்கும் தட்டொன்று அதைப்போல் பல இலட்சம் மடங்கு கொள்கிறது.

எவ்வளவு இடம் வேண்டும்?

பெட்டியை வாங்குமுன் தேவையை அளந்தறிதல் வேண்டும். அளவறியாது பெரிதாக வாங்கினால் விலை, மின்செலவு, ஓசை ஆகிய மூன்றும் ஒருங்கே கூடும்.

ஓர் இல்லத்தில் 90 நிமிட ஒலிநாடாக்கள் 300 உள்ளன என்று கொள்வோம். பாதுகாப்புக்குரிய உயர்தரத்தில், அதாவது விநாடிக்கு 96,000 மாதிரிகள், மாதிரி ஒன்றுக்கு 24 பிட், இரு ஒலிவழிகள் என்ற கணக்கில் பதிந்தால், விநாடிக்கு 5,76,000 பைட் ஆகும். 90 நிமிடத்துக்கு ஏறக்குறைய 3.1 ஜிகாபைட், 300 நாடாக்களுக்கு 933 ஜிகாபைட். இசைத்தட்டுத் தரமே போதுமெனில் நாடா ஒன்றுக்கு 0.95 ஜிகாபைட் வீதம் மொத்தம் 286 ஜிகாபைட் ஆகும். 4 மெகாபைட் அளவுள்ள 20,000 புகைப்படங்களுக்கு 80 ஜிகாபைட் போதும். 2,000 பக்கப் பத்திரங்களைப் பக்கத்துக்கு 2 மெகாபைட் வீதம் படமெடுத்தாலும் 4 ஜிகாபைட்தான். ஆக, உயர்தரத்தில் வைத்தாலும் எல்லாம் ஏறக்குறைய 1 டெராபைட்டில் அடங்கிவிடும். ஒலியின் தரம் சிறிதும் கெடாமல் இடத்தை ஏறக்குறையப் பாதியாகச் சுருக்கும் 'ஃபிளாக்' என்னும் முறையும் உண்டு. எனவே 2 டெராபைட் இவ்வில்லத்துக்குப் பல ஆண்டுகள் போதுமானது. நான்கு தட்டுகளுள்ள பெரும் பெட்டிக்கு இங்கு அவசியமே இல்லை.

விரைவைப் பற்றியும் கவலை வேண்டுவதில்லை. இல்லத்து வலைக்கம்பி விநாடிக்கு 100 மெகாபைட்டுக்கு மேல் கடத்த வல்லது. இசை கேட்பதற்கு அதில் நூற்றிலொரு பங்கும் தேவைப்படாது. விரைவு மிகுந்த சாதனத்துக்காகக் கொடுக்கும் பணம் இவ்விடத்தில் வீணே.

மின்செலவுக் கணக்கு

சேமப்பெட்டி இரவும் பகலும் ஓடுவது. மிக்ஸி 500 வாட் இழுத்தாலும் சில நிமிடங்களே ஓடும். சேமப்பெட்டியோ ஆண்டுக்கு 8,760 மணி நேரம் ஓடும். ஆகவே இதில் ஒவ்வொரு வாட்டும் கணக்கில் வரும். ஓயாது ஓடும் 1 வாட், ஆண்டுக்கு 8.76 யூனிட் என்பதை மனத்தில் இருத்தினால் போதும். ஏனைய கணக்குகளை எவரும் தாமே போட்டுவிடலாம்.

மேசைமேலிருக்கும் பழைய கணிப்பொறியையே சேமப்பெட்டியாக மாற்றி எப்பொழுதும் ஓட விடுவோர் உளர். அது 60 வாட் இழுப்பதாகக் கொண்டால், ஆண்டுக்கு 525.6 யூனிட் செலவாகும். இரு தட்டுகளுள்ள சிறு சேமப்பெட்டி சராசரி 15 வாட் இழுக்குமாயின் 131.4 யூனிட் ஆகும். அதே பெட்டி நாளில் 6 மணி நேரம் 15 வாட்டிலும், தட்டுகள் ஓய்ந்திருக்கும் 18 மணி நேரம் 6 வாட்டிலும் இயங்கினால் ஆண்டுச் செலவு 72 யூனிட்டாகக் குறையும். ராஸ்பெரி பை போன்ற ஒற்றைப் பலகைக் கணிப்பொறியோடு சுழலாத சேமிப்பகத்தை இணைத்து, மொத்தம் 5 வாட்டில் இயக்கினால் 43.8 யூனிட்டே ஆகும்.

கேரள மின்வாரியத்தின் கட்டண முறையில் மாத உபயோகம் 250 யூனிட்டைத் தாண்டினால், படிமுறைச் சலுகை நீங்கி, மொத்த உபயோகத்துக்கும் உயர்ந்த விகிதம் கணக்கிடப்படும். அவ்வெல்லைக்கு அருகிலுள்ள இல்லத்தில், மாதம் 43 யூனிட் விழுங்கும் பழைய கணிப்பொறி தன் செலவோடு நில்லாமல் பிற விளக்குகளின் செலவையும் உயர்த்திவிடும்.

ஆயினும் பழைய யந்திரத்தை உடனே தள்ளிவிட வேண்டுவதில்லை. வாரத்துக்கு இரண்டு மணி நேரம் மட்டும் இயக்கிப் பிரதி எடுத்துவிட்டு அணைத்துவிடுவதானால், அதே 60 வாட் கணிப்பொறிக்கு ஆண்டுக்கு 6.24 யூனிட்டே செலவாகும். நாள் முழுதும் வேண்டுமா, வாரம் ஒருமுறை போதுமா என்பதே முதலில் கேட்க வேண்டிய கேள்வி. பதிவுகளைப் பத்திரப்படுத்துவது மட்டுமே நோக்கமாயின், புதிய பெட்டி எதுவும் வாங்காமலே காரியம் முடிந்துவிடும்.

ஓசை பிறக்கும் வழி

கல்பாத்தி அக்கிரகார இல்லங்கள் ஒன்றோடொன்று பொதுச்சுவரால் ஒட்டி நிற்பவை. திண்ணை, ரேழி, கூடம் என்று நீண்டு செல்லும் இவ்வில்லங்களில், கூடத்தில் எழும் முனகல் உள்ளறைக்கும் எட்டும்; சில வேளை அடுத்த இல்லத்துக்கும் எட்டும். இந்தியாவின் 2000-ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகள் குடியிருப்புப் பகுதிகளுக்கு இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை 45 டெசிபெல் என வரம்பு விதித்துள்ளன. இது புறவெளிக்குரிய அளவு. படுக்கையறைக்குள் 30 டெசிபெல்லுக்கு மிகாதிருத்தல் நலமென்று உலக சுகாதார நிறுவனம் 1999-இல் வெளியிட்ட வழிகாட்டுதல் கூறுகிறது. சேமப்பெட்டியின் விளம்பரத்தாளில் அதன் ஓசை டெசிபெல் கணக்கில் குறிக்கப்பட்டிருக்கும். 20-ஐ ஒட்டிய எண் சிறந்தது. ஆயினும் சில நிறுவனங்கள் தட்டுகள் ஓய்ந்திருக்கையில் அளந்த எண்ணையே தருவதால், எந்நிலையில் அளந்தது என்பதையும் கவனித்தல் வேண்டும்.

இவ்வோசைக்குக் காரணங்கள் மூன்று. முதலாவது, தட்டின் சுழற்சி. நிமிடத்துக்கு 7,200 முறை சுழலும் தட்டு விநாடிக்கு 120 முறையும், 5,400 முறை சுழல்வது 90 முறையும் சுழல்கிறது. இதுவே அடிநாதமாக மெல்லிய முனகலைத் தருகிறது. மெதுவாகச் சுழலும் தட்டு ஓசையிலும் மின்செலவிலும் குறைந்தது. இல்லத்து உபயோகத்துக்கு அதுவே போதும். ஒரே வேகத்துக்கென அமைந்த இரு தட்டுகள் சற்றே வேறுபட்டுச் சுழலுமாயின், ஓசை ஏறியும் இறங்கியும் அலைபோல் கேட்கும். சுருதி சிறிது பிசகிய இரண்டு தம்புராக்களை ஒருங்கே மீட்டும்போது எழும் அலைவும் இத்தகையதே.

இரண்டாவது, தட்டின்மேல் எழுதுமுனை இங்குமங்கும் தாவுவதால் எழும் 'டக் டக்' ஓசை. இது மரப்பலகை வழியாகப் பெரிதாகும். வீணையின் குடம் தந்தியின் ஓசையைப் பெருக்குவது போல, உள்ளீடற்ற அலமாரிப் பலகை தட்டின் அதிர்வைப் பெருக்குகிறது. பெட்டியைச் சுவரில் பதித்த கல் மாடத்தில், தடித்த ரப்பர் துண்டின்மேல் வைத்தால் இவ்வோசை பெரிதும் அடங்கும்.

மூன்றாவது, காற்றாடி. பெரும்பாலான பெட்டிகளில் மிகுந்த ஓசைக்குக் காரணம் இதுவே. காற்றாடியின் வேகத்தைப் பாதியாக்கினால் ஓசை ஏறக்குறைய 15 டெசிபெல் குறையும் என்பது பொறியியலார் அறிந்த விதி. 10 டெசிபெல் குறைந்தாலே செவிக்கு ஓசை பாதியாகத் தோன்றும். ஆகவே சிறிய காற்றாடி விரைந்து சுழலும் பெட்டியைக் காட்டிலும், பெரிய காற்றாடி மெல்லச் சுழலும் பெட்டி மேலானது.

இங்கு ஓர் உண்மை புலனாகும். பெட்டி இழுக்கும் மின்சாரம் ஏறக்குறைய முழுவதும் இறுதியில் வெப்பமாகவே மாறுகிறது. வெப்பம் மிகுந்தால் காற்றாடி விரைகிறது. காற்றாடி விரைந்தால் ஓசை மிகுகிறது. எனவே மின்செலவு குறைந்த பெட்டியைத் தேர்ந்தெடுத்தால், ஓசை குறைந்த பெட்டியும் பெரும்பாலும் அதுவாகவே அமையும். வாங்குவோர் இவ்விரண்டையும் தனித்தனியே தேடி அலைய வேண்டுவதில்லை.

சுழலும் தட்டா, சுழலாத சேமிப்பகமா?

எஸ்.எஸ்.டி. எனப்படும் திண்மநிலைச் சேமிப்பகத்தில் அசையும் உறுப்பு எதுவும் இல்லை. அதனால் ஓசையும் இல்லை. வேலையில்லாத வேளையில் அது 1 வாட்டுக்கும் குறைவாகவே இழுக்கும். அவ்வேளையில் சுழலும் பெரிய வன்தட்டு 3 முதல் 5 வாட் வரை இழுக்கும். 1 அல்லது 2 டெராபைட் போதுமான இல்லத்துக்குத் திண்மநிலையே வசதியானது. 4 டெராபைட்டுக்கு மேல் வேண்டுவோர்க்கு விலை இடங்கொடாது; அவர்கள் மெல்லச் சுழலும் வன்தட்டுகளையே நாட வேண்டும்.

திண்மநிலைச் சேமிப்பகத்துக்கு ஒரு குறையும் உண்டு. அது பதிவுகளை மின்னூட்டமாகத் தாங்குவதால், இணைப்பின்றி நெடுநாள் பூட்டி வைத்தால் மின்னூட்டம் மெல்லக் கசியும். எழுதும் ஆயுள் தீர்ந்த நிலையிலும் 30 டிகிரி வெப்பத்தில் ஓராண்டு தாங்க வேண்டும் என்பதே இல்லத்து உபயோகத்துக்குரிய தரக்கட்டளை. வெப்பம் மிகுந்தால் அக்காலம் குறுகும். 2024-ஆம் ஆண்டு ஏப்ரல் இறுதியில் இந்திய வானிலைத் துறை வெப்ப அலை எச்சரிக்கை விடுத்த மாவட்டம் பாலக்காடு. அங்கு ஓடு வேய்ந்த கூரையை அடுத்த மச்சில் இத்தகைய சேமிப்பகத்தை ஆண்டுக்கணக்கில் மறந்து வைத்திருத்தல் தகாது. நாளும் மின்சாரத்தில் இயங்கும் பெட்டிக்குள் திண்மநிலையும், பூட்டி வைக்கும் பிரதிக்கு வன்தட்டும் என்று பிரித்துக்கொள்வது பொருத்தமான முறை.

வன்தட்டு வாங்குவோர் மற்றொன்றையும் கவனித்தல் வேண்டும். சில தட்டுகளில் பதிவுத் தடங்கள் கூரை ஓடுகளைப் போல் ஒன்றன்மேல் ஒன்று சற்றே ஏறுமாறு அமைந்துள்ளன. ஓரோட்டை மாற்ற அடுத்த ஓடுகளையும் தூக்க வேண்டியிருப்பது போல, இவற்றில் திருத்தி எழுதுவது தாமதமாகும். இரு தட்டுகளை இணைத்து இயக்கும் பெட்டிக்கு இவ்வகை ஏற்றதன்று. இவ்விவரம் விற்பனைத்தாளில் மறைந்திருந்தது 2020-ஆம் ஆண்டில் வெளிப்பட்டு உலகெங்கும் முறையீடுகளுக்கு இடமளித்தது. ஆகவே எவ்வகைத் தட்டு என்று கேட்டறிந்தே வாங்குக.

வைக்கும் இடம்

வெப்பம், நீர், மின்னல் ஆகிய மூன்றையும் எண்ணி இடம் தேர்தல் வேண்டும். மூடிய அலமாரிக்குள்ளும், அடுக்களைப் புகை படும் இடத்திலும், கூரையை அடுத்த மச்சிலும் வைத்தலாகாது. தரையிலும் வைத்தலாகாது; 2018-ஆம் ஆண்டு வெள்ளம் அதற்குப் பாடம். கூடத்துச் சுவரில், இடுப்புயரத்துக்கு மேல், காற்று உலவும் திறந்த மாடமே உத்தமம். தட்டின் வெப்பம் 35 முதல் 45 டிகிரிக்குள் இருக்கிறதா என்பதைப் பெட்டியின் திரையிலேயே பார்த்தறியலாம்.

கேரளத்தில் இடவப்பாதிக்கு முந்திய கோடை மழையிலும், துலா மாத மழையிலும் இடி மின்னல் மிகுதி. மின்கம்பி வழியே பாயும் மிகை அழுத்தம் ஒரு நொடியில் பெட்டியையும் அதனுள்ளிருக்கும் இரு தட்டுகளையும் கெடுத்துவிட வல்லது. 2023-ஆம் ஆண்டு ஜூன் 5-ஆம் தேதி தொடங்கப்பெற்ற கே-ஃபோன் போன்ற ஒளியிழை இணைப்புகள் வந்தபின், இணைப்பு இழை வழியே வரும் ஆபத்துக் குறைந்துள்ளது. கண்ணாடியிழை மின்சாரத்தைக் கடத்தாது. ஆயினும் ரவுட்டருக்கும் பெட்டிக்கும் மின்சாரம் கம்பி வழியேதான் வருகிறது. நல்ல நிலத்தொடர்பும், மிகை அழுத்தக் காப்பும், சிறிய யு.பி.எஸ். ஒன்றும் அவசியம். எழுதிக்கொண்டிருக்கும் வேளையில் மின்சாரம் திடீரென நின்றால் பதிவேடு குழம்பும். மின்தடையை யு.பி.எஸ். தெரிவித்தவுடன் பெட்டி தானே ஒழுங்காக அணையும் ஏற்பாடு பல பெட்டிகளில் உண்டு.

இரண்டு தட்டு, இரண்டு பிரதி ஆகாது

இரு தட்டுகளுள்ள பெட்டி ஒன்றிலுள்ளதையே மற்றொன்றிலும் எழுதிக் கொண்டுவருவதால், தம் பதிவுகள் பத்திரமாகிவிட்டன என்று பலர் எண்ணுகின்றனர். பல தட்டுகளை இவ்வாறு இணைக்கும் முறைகளை 1988-ஆம் ஆண்டில் கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழக அறிஞர்கள் வகுத்து வெளியிட்டனர். ஒரு தட்டுப் பழுதாயினும் வேலை நில்லாதிருத்தலே இதன் பயன். தட்டுகள் பழுதாவது அரிதன்று. ஒரு இலட்சத்துக்கும் மேற்பட்ட தட்டுகளை ஆராய்ந்து கூகுள் நிறுவனத்தார் 2007-இல் வெளியிட்ட கட்டுரையின்படி, முதலாண்டில் 100-க்கு 1.7 தட்டுகளும், மூன்றாண்டு முதிர்ந்தவற்றில் 100-க்கு 8.6 தட்டுகளும் ஓராண்டில் பழுதாயின.

ஆனால் குழந்தை தவறுதலாகப் படத்தை அழித்தால், அந்நொடியே இரண்டு தட்டுகளிலும் அது அழியும். திருட்டு, தீ, வெள்ளம், மின்னல், நச்சு நிரல் ஆகியவை இரண்டையும் ஒருசேரக் கொண்டுபோகும். 2021-ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில், இணையத்தோடு நேரே இணைந்திருந்த ஒரு வகைப் பழைய சேமப்பெட்டிகளுக்குள் வெளியார் புகுந்து, உலகின் பல நாடுகளிலும் இல்லத்தார் பதிவுகளை ஒரே இரவில் துடைத்தெறிந்தனர். அப்பெட்டிகள் ஓசையின்றியே ஓடிக்கொண்டிருந்தன. மின்சாரமும் குறைவாகவே இழுத்தன. மறுபிரதி வைத்திராதவர்களுக்கு அச்சிறப்புகளால் பயனொன்றும் விளையவில்லை.

ஆகவே அறிஞர் கூறும் விதி இது: பிரதிகள் மூன்று, அவை இரு வேறு வகைச் சாதனங்களில், அவற்றுள் ஒன்று வேறு ஊரில். கல்பாத்தியினர் இவ்விதியை எளிதில் கைக்கொள்ளலாம். வெளியூர்ப் பிள்ளைகள் பலரும் தேருக்கும் விஷுவுக்கும் ஊர் திரும்புவது வழக்கம். நவம்பரில் ஒரு வன்தட்டில் பிரதி எடுத்துக் கோயம்புத்தூரிலோ சென்னையிலோ உள்ள மகனிடமோ மகளிடமோ கொடுத்தனுப்பலாம். விஷுவுக்கு வருகையில் அவர் அதைக் கொண்டுவந்து புதுப்பித்துக்கொண்டு செல்லலாம். ஆண்டுக்கு இருமுறை நடக்கும் இந்தக் கைமாற்றுக்கு மின்செலவு இல்லை, ஓசையும் இல்லை. நில ஆவணங்கள் போன்ற அந்தரங்கப் பதிவுகளைக் கடவுச்சொல்லால் பூட்டி அனுப்புதல் நலம்.

ஒரே தொகைக்கு நான்கு தட்டுப் பெரும் பெட்டி ஒன்று கிடைக்கும். அல்லது இரு தட்டுச் சிறு பெட்டியும், வெளியூருக்கு அனுப்பத் தனி வன்தட்டும் கிடைக்கும். பின்னதையே தேர்க.

வாங்குமுன் கவனிக்க வேண்டியவை

1. தேவையான இடத்தை மேற்கூறியவாறு கணக்கிட்டு, அதைப்போல் இரு மடங்கு வாங்குக. அதற்கு மேல் வேண்டா.

2. தட்டுகள் இயங்கும்போதும் ஓயும்போதும் பெட்டி எத்தனை வாட் இழுக்கும் என்று கேட்டறிக. இரு தட்டுப் பெட்டி இயங்கும்போது 15 வாட்டுக்கு மிகாதிருத்தல் நலம். ஓய்வு எண்ணைத் தனியே கேட்க வேண்டும்.

3. மின் மாற்றியில் இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் பதிவு எண் இருக்கிறதா என்று பார்க்க. அதன்மேல் ரோம எண்ணில் ஆறு என்று பொறித்திருந்தால், மாற்றத்தில் வீணாகும் மின்சாரம் குறைவு என்று பொருள்.

4. தட்டுகள் ஓயும் நேரத்தை 20 அல்லது 30 நிமிடமாக அமைக்க. ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை உறங்கி எழும் தட்டு விரைவில் தேய்வதோடு, எழும்போதெல்லாம் சில விநாடி மிகுந்த மின்சாரத்தையும் இழுக்கும்.

5. பாதுகாப்புத் திருத்தங்களை எத்தனை ஆண்டு வழங்குவர் என்று கேட்க. முதல் நாளே கடவுச்சொல்லை மாற்றுக. இணையத்திலிருந்து நேரே உட்புகும் வழியைத் திறவாதிருக்க.

6. பெட்டி கெட்டுப்போனால் தட்டை வேறு கணிப்பொறியில் இணைத்துப் படிக்க இயலுமா என்பதைக் கேட்டறிக. இயலாதெனில் வெளியூர்ப் பிரதியின் அவசியம் இரட்டிப்பாகும்.

7. ஆண்டுக்கு ஒருமுறையேனும் பிரதியிலிருந்து ஒரு பாட்டையும் ஒரு படத்தையும் எடுத்துத் திறந்து பார்க்க. திறந்து பாராத பிரதியை நம்பலாகாது.

பள்ளியில் ஒரு சோதனை

மேற்கூறிய கணக்கை மாணவர்கள் தாமே சரிபார்க்கலாம். இன்றைய மின்மீட்டர்களில் சிறு சிவப்பு விளக்கொன்று விட்டுவிட்டு மின்னும். அதனருகே யூனிட் ஒன்றுக்கு 3,200 துடிப்பு அல்லது 1,600 துடிப்பு என்று எண் பொறித்திருக்கும். 3,200 துடிப்புள்ள மீட்டரில் ஒரு துடிப்புக்கு 1,125 ஜூல் ஆற்றல். பெரியவர் ஒருவர் உடனிருக்க, குளிர்பதனப் பெட்டி உட்பட யாவற்றையும் சிறிது நேரம் அணைத்துவிட்டு, சோதிக்க வேண்டிய சாதனத்தை மட்டும் இயக்குக. இரு மின்னல்களுக்கு இடைப்பட்ட விநாடிகளால் 1,125-ஐ வகுத்தால் வாட் கிடைக்கும். இடைவெளி 75 விநாடியாயின் சாதனம் இழுப்பது 15 வாட், 18.75 விநாடியாயின் 60 வாட். விலையுள்ள கருவி எதுவுமின்றி, கைக்கடிகாரம் ஒன்றைக் கொண்டே இதனைச் செய்து முடிக்கலாம்.

கேரளப் பள்ளிகளில் 2001-ஆம் ஆண்டில் ஐ.டி. அட் ஸ்கூல் திட்டமாகத் தொடங்கி, 2017-இல் கைட் நிறுவனமாக மாறிய அமைப்பின் வழியே ஆசிரியர்களும் மாணவர்களும் லினக்ஸ் போன்ற கட்டற்ற மென்பொருளில் பயிற்சி பெற்று வருகின்றனர். ஒற்றைப் பலகைக் கணிப்பொறியைச் சேமப்பெட்டியாக மாற்றும் மென்பொருள்களும் இவ்வகையினவே, விலையின்றிக் கிடைப்பன. எனவே மூத்தோரின் இல்லத்தில் இதனை அமைத்துக் கொடுப்பது மாணவர்க்குச் சிறந்த செயல்முறைப் பாடமாக அமையும்.

களப்பணியாளர் இல்லங்களுக்குச் செல்லுங்கால், எந்தப் பெட்டி சிறந்தது என்ற கேள்வியையே முதலில் எதிர்கொள்வர். அதற்கு விடை கூறுமுன், ஒலிநாடாக்கள் எத்தனை, அவை எந்நிலையில் உள்ளன என்று பார்த்தல் வேண்டும். பெட்டியை அடுத்த ஆண்டும் வாங்கலாம். இன்னும் ஒரு மழைக்காலம் பரணில் கிடந்த நாடா அடுத்த ஆண்டு பாடுமென்ற உறுதி இல்லை. ஆகவே பதிவு செய்யும் வேலையை இருக்கும் கணிப்பொறியைக் கொண்டே இப்பொழுதே தொடங்கி, முதற்பிரதி ஒன்றை வெளியூருக்கு அனுப்பிவிட்டு, அதன்பின் ஆற அமரச் சேமப்பெட்டியைத் தேர்ந்தெடுப்பதே முறையாகும்.